தூக்கிவாரிப் போடுவது முதல் கழுத்து நிற்பது வரை: பிறந்த குழந்தை தன் உடம்பைப் பழகும் விதம்

என் தங்கை மகள் 31-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,450 கிராம். மூன்றாம் நாள்தான் என்னை உள்ளே விட்டார்கள். முழங்கை வரை கை கழுவி, கவுன் மாட்டிக்கொண்டு இன்குபேட்டர் பக்கத்தில் போய் நின்றேன். மல்லாந்து கிடந்தாள். கைகள் ஆளுக்கொரு பக்கம் விரிந்திருந்தன. கால்கள் தவளைக்கால் போல அகன்று படுக்கையோடு படிந்திருந்தன. திடீரென்று வலது கால் மட்டும் நீண்டது. காற்றில் இரண்டு தடவை துழாவியது. எதுவும் தட்டுப்படவில்லை. உடனே உடம்பு முழுக்க ஓர் உதறல், முகத்தில் ஒரு சுளிப்பு, மானிட்டரில் இதயத் துடிப்பு சரசரவென்று ஏறியது.

நர்ஸ் ஒருவர் வந்தார். பருத்தித் துணி ஒன்றை நீளமாகச் சுருட்டி, லாடம் போல வளைத்து, குழந்தையின் காலடியிலும் இரண்டு பக்கமும் அணைவாக வைத்தார். “காலு முட்டிக்க ஒரு சுவர் வேணும்மா இவளுக்கு. வயித்துக்குள்ள இருந்தா இருந்திருக்கும்ல” என்றார். கால் மறுபடியும் நீண்டது. துணியில் முட்டியது. முட்டியதும் தானாக மடங்கியது. கொஞ்ச நேரத்தில் கையும் முகத்தருகே வந்தது. துடிப்பு இறங்கியது.

என் மகன் பிறந்தது 39 வாரத்தில், 2.9 கிலோ எடையில். அவனுக்குச் சட்டை போடக் கையை நீட்டினால் படக்கென்று மடக்கிக்கொள்வான். துணி மாற்றக் காலைப் பிரிப்பதே பெரும்பாடு. எப்போது பார்த்தாலும் சுருட்டி வைத்த பந்துபோல இருப்பான். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், பிறந்து அதே மூன்று நாள், ஆனால் உடம்பு இரண்டு விதமாக இருந்தது. இது ஏன் என்று அப்போது தொடங்கிய கேள்விதான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவர் இல்லை. டாக்டர்களிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டும், தேடிப் படித்தும் புரிந்துகொண்டதை, இதே நிலையில் இருக்கும் இன்னொரு அம்மாவுக்கோ சித்திக்கோ சொல்வதுபோல எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தை கை கால் ஆட்டுவதைப் பார்த்து “சும்மா உதைச்சுக்கிட்டு கிடக்கு” என்கிறோம். அது சும்மா இல்லை. அந்த ஆட்டத்தில்தான் குழந்தை தன் உடம்பைப் பழகுகிறது. குறைமாதக் குழந்தையும் அதே பாடத்தைத்தான் படிக்கிறது, ஆனால் அதற்கென்று அமைந்த இடத்தில் இல்லை.

வயிற்றுக்குள்ளேயே தொடங்குவது

பத்து மாதம் சுமந்தாள் என்கிறோமே, அது சரியான கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். 28 நாளுக்கு ஒரு மாதம் என்று எண்ணினால் பத்து மாதம் வந்துவிடும். 37 வாரம் நிறைந்து பிறந்தால் நிறைமாதம். அதற்கு முன்னால் பிறப்பதெல்லாம் குறைமாதம்.

இந்தக் கணக்கில் ஏழு எட்டு வாரம் ஆகும்போதே கரு லேசாக நெளியத் தொடங்குகிறது. அப்போது அதன் நீளம் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஒன்பது பத்து வாரத்தில் கை, கால், கழுத்து, முதுகு எல்லாம் சேர்ந்து அசையும் முழு உடல் அசைவு வந்துவிடுகிறது. 15 வாரத்துக்குள் விக்கல், கொட்டாவி, சோம்பல் முறிப்பது, கையை முகத்துக்குக் கொண்டுபோவது, உறிஞ்சுவது, விழுங்குவது என்று பிறந்த குழந்தை செய்யும் அசைவுகளில் பெரும்பாலானவை ஸ்கேனில் தெரிகின்றன. அம்மாவுக்கு அசைவு தெரிவதோ 16-லிருந்து 20 வாரத்துக்குள்தான். “துடிப்பு தெரியுது” என்று அவள் முதன்முதலாகச் சொல்லும்போது, உள்ளே இருப்பவர் பல வாரங்களாக ஆடிக்கொண்டிருக்கிறார்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் இந்த அசைவுகளை யாரும் தூண்டுவதில்லை. தொட்டதால் வருவதில்லை, சத்தம் கேட்டதால் வருவதில்லை. தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் உள்ள நரம்புக் கூட்டங்கள் தாமாகவே துடிப்பை உண்டாக்கி அனுப்புகின்றன. நாம் நினைத்துக் கை நீட்டுவதற்கு உதவும் பெருமூளைப் புறணி அப்போது இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. அசைவு முதலில் வருகிறது, அதைக் கட்டுப்படுத்தும் திறமை பின்னால் மெல்ல வந்து சேர்கிறது.

மடங்கிய உடம்பு, விரிந்த உடம்பு

சரி, என் மகனும் தங்கை மகளும் ஏன் அப்படி வித்தியாசமாகக் கிடந்தார்கள்?

ஓய்வாக இருக்கும்போதும் தசையில் ஒரு மெல்லிய இழுவிசை இருக்கும். டாக்டர்கள் இதை டோன் என்பார்கள். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இது மிகக் குறைவு. கை கால் நான்கும் துவண்டு விரிந்து கிடக்கும். 32 வாரத்தை ஒட்டிக் கால்கள் இடுப்பிலும் முட்டியிலும் மடங்கத் தொடங்கும். 36 வாரம் வாக்கில் கைகளும் மடங்கும். 40 வாரத்தில் நான்குமே நன்றாக மடங்கி உடம்போடு ஒட்டியிருக்கும். அதாவது இந்த இழுவிசை காலில் தொடங்கி மேல்நோக்கி வளர்கிறது.

நரம்பு முதிர்வதோடு இன்னொரு காரணமும் உண்டு. கடைசி வாரங்களில் கருப்பையில் இடம் நெருக்கடியாகிவிடும். நீட்டுகிற கை எல்லாம் சுவரில் பட்டு மடங்கித் திரும்பும். ஒவ்வொரு நீட்டலும் தசைக்கு ஒரு பயிற்சி, ஒவ்வொரு முட்டலும் “உன் உடம்பு இதோடு முடிகிறது” என்று மூளைக்கு ஒரு செய்தி. அதுவும் பனிக்குட நீரில் மிதந்தபடி, உடம்பின் கனம் அதிகம் தெரியாமல்.

31 வாரத்தில் வெளியே வந்த குழந்தைக்கு நீரும் போயிற்று, சுவரும் போயிற்று. ஒன்றரைக் கிலோ உடம்பு அதன் தசைக்குப் பெரிய பாரம். புவியீர்ப்பு கையையும் காலையும் படுக்கையோடு அழுத்திவிடுகிறது. அதனால்தான் இத்தகைய குழந்தைகள் 40 வார வயதை எட்டிய பிறகும், அன்றுதான் பிறந்த நிறைமாதக் குழந்தை அளவுக்கு மடங்கிப் படுப்பதில்லை. நர்ஸ் சுருட்டி வைத்த அந்தத் துணி, இழந்த சுவருக்கு மாற்று. ஆங்கிலத்தில் இதைக் கூடு கட்டுவது என்ற பொருளில்தான் சொல்கிறார்கள், நல்ல பெயர்.

பிறந்தவுடன் டாக்டர்கள் குழந்தையின் கையை மார்புக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பார்ப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். நிறைமாதக் குழந்தையின் முழங்கை மார்பின் நடுவைத் தாண்டாது. குறைமாதக் குழந்தையின் கை துண்டு போர்த்தினாற்போல எதிர்த் தோள்வரை சுற்றிக்கொண்டு போகும். கையை நீட்டி விட்டால் எவ்வளவு வேகமாக மடங்குகிறது, பாதத்தைக் காதுவரை கொண்டுபோக முடிகிறதா என்றும் பார்ப்பார்கள். இவற்றோடு தோல், காது மடல் போன்ற அடையாளங்களையும் சேர்த்து மதிப்பெண் போட்டால் குழந்தை எத்தனை வாரம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 1991-இல் திருத்தி வெளியிடப்பட்ட பாலர்ட் மதிப்பெண் முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இழுவிசை காலிலிருந்து மேலே ஏறுகிறது என்றேன். கட்டுப்பாடு இதற்கு நேர் எதிராக, தலையிலிருந்து கீழே இறங்குகிறது. முதலில் கழுத்து நிற்கும், பிறகு தோளும் கையும், பிறகு முதுகு, கடைசியில் கால். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களுக்கு இந்த வரிசை நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை: கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: கை கொட்டுவது. பதின்மூன்றாம் மாதம் வருகை: தளர்நடை. தலை, கை, கால்! அவர்கள் மூன்றாம் மாதத்தில் காப்புப் பருவத்தோடுதான் பாட்டைத் தொடங்கினார்கள். நாம் பேசுவது அதற்கும் முந்தைய நாட்களை.

தூக்கிவாரிப் போடுவது

பாத்திரம் கீழே விழுந்தாலோ, தலை கொஞ்சம் சரிந்தாலோ குழந்தை இரண்டு கையையும் விரித்து, விரல்களைப் பரப்பி, பிறகு எதையோ கட்டிப் பிடிப்பதுபோல உள்ளே கொண்டுவரும். சில சமயம் வீறிட்டு அழும். “பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போடுது, எதையோ பார்த்துப் பயந்திருக்கு” என்று வீட்டில் விபூதி பூசுவார்கள். ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ 1918-இல் இதை விவரித்து எழுதினார். அதனால் மோரோ அனிச்சை என்று பெயர். அனிச்சை என்றால் நினைக்காமலே தானாக வரும் அசைவு. இது இருப்பதுதான் நல்லது. 28 வார வாக்கில் அரைகுறையாகத் தொடங்கும், கை விரியும், ஆனால் கட்டிப்பிடிக்கும் பாதி சரியாக வராது. நிறைமாதத்தில் முழுமையாக இருக்கும். பிறந்து ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். ஒரு கை மட்டும் விரிந்து இன்னொன்று அசையாமல் கிடந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பிரசவத்தில் காறை எலும்பு முறிந்திருக்கலாம், அல்லது தோள் நரம்பு அடிபட்டிருக்கலாம்.

உள்ளங்கையில் விரல் வைத்தால் இறுக்கிப் பிடிப்பது, கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வாயைத் திருப்பித் தேடுவது, இவையும் அனிச்சைகள்தான். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது நடை அனிச்சை. பிறந்த குழந்தையை அக்குளில் பிடித்து நிமிர்த்தி, பாதம் தரையில் படும்படி வைத்தால் மாற்றி மாற்றிக் கால் எடுத்து வைக்கும். இரண்டு மாதம் ஆனால் இது காணாமல் போகும். மூளை முதிர்ந்து இதை அடக்கிவிடுகிறது என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். அமெரிக்க ஆய்வாளர் எஸ்தர் தெலனும் அவருடைய குழுவினரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் எளிமையான ஒரு காரியம் செய்தார்கள். குழந்தைகளை வெதுவெதுப்பான நீரில் நிறுத்திப் பார்த்தார்கள், நடை கூடியது. காலில் சிறு எடை கட்டிப் பார்த்தார்கள், நடை குறைந்தது. ஆக, நடக்கும் இயக்கம் எங்கும் போய்விடவில்லை. இரண்டு மாதத்தில் தொடையில் சதை வேகமாகப் போடுகிறது, தசைக்கு அந்த அளவு பலம் இன்னும் வரவில்லை. அவ்வளவுதான் சங்கதி. அசைவு மூளையில் மட்டும் இல்லை, காலின் கனத்திலும் சுற்றியுள்ள நீரிலும் காற்றிலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியவில்லை. குறைமாதக் குழந்தை ஏன் இவ்வளவு சிரமப்படுகிறது என்பதும் எனக்கு இதைப் படித்த பிறகுதான் விளங்கியது.

எல்லாமே அனிச்சைதானா?

இல்லை. நார்வேயின் டிரோன்ஹெய்மில் பணியாற்றும் ஆட்ரி வான் டெர் மீர், பிறந்து சில வாரமே ஆன குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைத்து, தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கையில், இரண்டு மணிக்கட்டிலும் நூல் கட்டிக் கால் பக்கமாக லேசான எடையால் இழுத்தார். முகம் திரும்பியிருந்த பக்கத்துக் கையைக் குழந்தைகள் கீழே போக விடவில்லை. எடையை எதிர்த்துத் தூக்கியே வைத்திருந்தன. கண்ணுக்குத் தெரியாத மறுபக்கத்துக் கை இறங்கிவிட்டது. பிறகு அந்த மறுபக்கத்துக் கையை வீடியோ திரையில் காட்டினார்கள். இப்போது அந்தக் கை மேலே நின்றது! 1995-இல் இது வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து இன்னொரு சோதனை. இருட்டறையில் ஒரு மெல்லிய ஒளிக்கற்றை மட்டும். குழந்தைகள் தங்கள் கையை அந்த வெளிச்சத்துக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்த்தன. ஒளி இருக்கும் இடம் வரும்போது கையின் வேகத்தைக் குறைத்தன. ஒளியை நகர்த்தினால், வேகம் குறையும் இடமும் நகர்ந்தது.

மூன்று வாரக் குழந்தை தன் கையைப் பார்க்க விரும்புகிறது, அதற்காகக் கையைக் கட்டுப்படுத்துகிறது. பின்னால் ஒரு பொருளை எட்டிப் பிடிக்க வேண்டும் என்றால், என் கை எவ்வளவு நீளம், எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா? அந்தப் பாடம் இங்கே தொடங்குகிறது. பிறந்த குழந்தையின் கையில் நாள் முழுக்க உறை மாட்டி வைப்பதைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியதும் இதைப் படித்த பிறகுதான். நகம் கீறுமே என்றுதான் மாட்டுகிறோம், நகத்தை வெட்டிவிட்டால் போதும்.

வாய்தான் முதல் கைவினை

கட்டுப்பாடு என்று சொன்னால், பிறந்த குழந்தையின் உடம்பில் அதிகத் திறமை உள்ள இடம் வாய். பால் குடிப்பது சுலபமான வேலையாகத் தெரியும். உண்மையில் நாக்கைக் கீழே இறக்கி வாய்க்குள் வெற்றிடம் உண்டாக்க வேண்டும், வந்த பாலைத் தொண்டைக்குத் தள்ள வேண்டும், விழுங்கும் அந்தக் கணத்தில் மூச்சை நிறுத்த வேண்டும், உடனே மறுபடி மூச்செடுக்க வேண்டும். பால் வரும்போது ஏறக்குறைய நொடிக்கு ஓர் உறிஞ்சல் என்ற தாளத்தில் இது ஓடுகிறது. வெறும் விரலைச் சூப்பும்போது தாளம் இரட்டிப்பாகி நொடிக்கு இரண்டு ஆகும். வாயில் பால் வருகிறதா இல்லையா என்பதற்கேற்பக் குழந்தை வேகத்தை மாற்றிக்கொள்கிறது.

உறிஞ்சும் அசைவு 28 வாரக் குழந்தையிடமும் இருக்கும். ஆனால் உறிஞ்சல், விழுங்கல், மூச்சு மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து ஓடுவதற்கு 32-லிருந்து 34 வாரம் ஆகிவிடும். அதற்கு முன்னால் மார்பில் போட்டுக் குடிக்க வைத்தால் புரையேறலாம், மூச்சு நிற்கலாம், குழந்தை நீலம் பாரிக்கலாம். அதனால் அதுவரை குழாய் வழியாகப் பால் தருகிறார்கள். குழாய்க்கும் மார்புக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது, அது நம் வீட்டுப் பொருள்: பாலாடை. நம் பாட்டிமார் வெள்ளியிலும் பித்தளையிலும் வைத்திருந்த அதே மூக்கு வைத்த சிறு கிண்ணம்தான். இந்தியாவின் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்று அது வழக்கமான கருவி. ஆங்கில மருத்துவக் கட்டுரைகளும் அதைப் பாலாடை என்றே குறிப்பிடுகின்றன.

33-ஆவது வாரத்தில் தங்கைக்குப் பாலாடையில் கொடுக்கக் கற்றுத் தந்தார்கள். குழந்தையைப் பாதி நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்தாள். பயத்தில் கை சாய்ந்துவிட்டது, கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. “ஊத்தாதேம்மா. உதட்டுல படுற மாதிரி வெச்சுக்கோ, அவளே எடுத்துக்குவா” என்றார் நர்ஸ். அடுத்த முறை அப்படியே வைத்தாள். நாக்கு நுனி வெளியே வந்து தொட்டது. ஒரு சிறு மிடறு. அப்புறம் ஒரு நீண்ட நிறுத்தம். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் இரண்டு மூன்று மூச்சு எடுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி நாக்கு வந்தது. அந்த நிறுத்தம் சோம்பல் இல்லை, மூச்சுக்கு அவள் ஒதுக்கிய நேரம். பத்து மில்லி உள்ளே போக இருபது நிமிடம் ஆனது.

நரி விரட்டும் நேரம்

தூக்கத்தில் குழந்தை சிரித்தாலோ விசும்பினாலோ நரி விரட்டுது என்பார்கள். கூடவே விரல் துடிக்கும், கால் வெட்டி இழுக்கும், இமைக்குள் கண் ஓடும். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறையப் பாதி இப்படிப்பட்ட துடிப்புள்ள தூக்கம். குறைமாதக் குழந்தைக்கு இன்னும் அதிகம். கனவு காண்கிறது என்று விட்டுவிடுவோம். அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் புளும்பெர்க் பல வருடங்களாக இந்தத் துடிப்புகளை எலிக்குட்டிகளிடமும் குழந்தைகளிடமும் ஆராய்ந்து, இவை உடம்பை மூளைக்கு அறிமுகப்படுத்தும் வேலை என்கிறார். விழித்திருக்கும்போது எல்லாம் ஒன்றாக ஆடுகிறது, எந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று பிரிப்பது கடினம். தூக்கத்தில் ஒரு விரல் மட்டும் துடித்தால், அந்த விரலின் செய்தி மட்டும் தெளிவாகப் போய்ச் சேரும். குறைமாதக் குழந்தைகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், கையோ காலோ அசைந்ததும் புறணியில் அதற்குரிய பகுதியில் அலைகள் கிளம்புவதைக் கண்டார்கள்.

அதனால்தான் நல்ல குழந்தைப் பிரிவுகளில் வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள், தூங்கும் குழந்தையைத் தொட்டு எழுப்புவதைத் தவிர்க்கிறார்கள். தூக்கமும் அதற்கு வகுப்பறை.

பார்த்தே கண்டுபிடிப்பது

ஆஸ்திரியாவில் பிறந்து நெதர்லாந்தின் கிரோனிங்கனில் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்டல், குழந்தையைத் தட்டியும் இழுத்தும் சோதிப்பதைவிட, தொடாமல் சில நிமிடம் பார்த்தாலே நரம்பு மண்டலம் எப்படி இருக்கிறது என்று தெரியும் என்று காட்டினார். அவர் பார்த்தது, கருவில் ஒன்பது வாரத்தில் தொடங்கும் அந்த முழு உடல் அசைவைத்தான். பிறந்த பிறகும் அது தொடர்கிறது. மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, கையும் காலும் சுழன்று நெளிந்து, மெல்ல அடங்கும். ஒரு தடவை வந்தது மாதிரி இன்னொரு தடவை வராது. அந்த மாறுபாடுதான் ஆரோக்கியம்.

பிறகு, எதிர்பார்த்த பிரசவத் தேதிக்கு ஒன்பது வாரம் கழிந்த வாக்கில், நெளிவு போய் வேறொன்று வருகிறது. கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால், இடுப்பு என்று எல்லா மூட்டிலும் சிறு சிறு நடனம் போல இடைவிடாத மெல்லிய அசைவு. இது ஐந்து மாதம் வரை இருந்து, குழந்தை நினைத்து எட்டிப் பிடிக்கத் தொடங்கும்போது மறையும். 1997-இல் பிரெக்டலும் சக ஆய்வாளர்களும் 130 குழந்தைகளைப் பின்தொடர்ந்து எழுதினார்கள். இந்தச் சிறு நடனம் இயல்பாக இருந்த குழந்தைகளில் 96 சதவீதத்தினர் நரம்புக் குறைபாடு இல்லாமல் வளர்ந்தார்கள். அது இல்லாமல் அல்லது மாறுபட்டு இருந்தவர்களில் 95 சதவீதத்தினருக்குப் பின்னர் குறைபாடு தெரிந்தது. கருவி எதுவும் வேண்டாம், ஒரு வீடியோ கேமராவும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவில் வரும் குறைபாடு) வரும் வாய்ப்பை ஐந்து மாத வயதுக்கு முன்பே கண்டறிய, எம்.ஆர்.ஐ., நரம்புப் பரிசோதனை ஆகியவற்றோடு இதையும் 2017-இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதல் பரிந்துரைத்தது.

குறைமாதக் குழந்தைக்கு ஏன் இவ்வளவு கவனம் என்றால், மூளையின் நடுவிலுள்ள நீர் அறைகளை ஒட்டி, 32–34 வாரம் வரை மிக மெல்லிய இரத்தக் குழாய்கள் நிறைந்த பகுதி ஒன்று இருக்கிறது. இரத்த ஓட்டம் ஏறி இறங்கினால் அங்கே கசிவு வரலாம், பக்கத்திலுள்ள நரம்பு இழைகள் சேதமடையலாம். காலுக்குப் போகும் இழைகள் அந்த அறைகளுக்கு மிக அருகில் ஓடுகின்றன. அதனால்தான் இப்படிப் பாதிக்கப்படும் குழந்தைகளுக்குக் கையைவிடக் கால் அதிகம் விறைக்கிறது. குறைமாதத்தில் பிறப்பவர்களில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வயதைத் திருத்திக் கணக்கிடுங்கள்

“எதிர் வீட்டுப் பிள்ளைக்கும் நாலு மாசம்தான், கழுத்து நின்னுடுச்சு” என்று யாராவது வந்து சொல்வார்கள். தங்கை இதைக் கேட்டுப் பல நாள் அழுதிருக்கிறாள். 31 வாரத்தில் பிறந்த குழந்தை ஒன்பது வாரம் முந்தி வந்திருக்கிறது. ஐந்து மாதம் ஆகும்போது அதன் திருத்திய வயது மூன்று மாதம்தான். அசைவும் வளர்ச்சியும் இந்தத் திருத்திய வயதை வைத்துத்தான் பார்க்கப்பட வேண்டும், இரண்டு வயது வரைக்கும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு, இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியதில் முதலாவது, மார்போடு அணைத்து வைத்திருப்பது. கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978-இல் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய கங்காரு பராமரிப்பு இது. டயபரும் தொப்பியும் மட்டும் போட்ட குழந்தையை அம்மாவின் வெற்று மார்பில் நிமிர்த்தி, தவளைபோல் கை கால் மடங்கியபடி கட்டிக்கொள்வது. சூடு கிடைக்கிறது, கையும் வாயும் ஒன்றாகச் சேர்கின்றன, நான்கு பக்கமும் சுவரும் கிடைக்கிறது. அப்பா, பாட்டி யாரும் செய்யலாம். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 1–1.8 கிலோ எடைக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே இதைத் தொடங்கியபோது முதல் 28 நாளில் இறப்பு கால் பங்கு குறைந்தது.

விழித்திருக்கும்போது, நாம் பக்கத்திலேயே இருந்து, கொஞ்ச நேரம் குப்புறப் போடலாம், கழுத்துக்கு அது நல்ல வேலை. தூங்கும்போது மல்லாக்கத்தான். கழுத்து நிற்காத குழந்தையைத் தூளியில் போட்டால் மோவாய் மார்பில் அழுந்தி மூச்சு தடைபடலாம், குறைமாதக் குழந்தைக்கு அதைத் தள்ளிப்போடுங்கள். இன்னொன்றை மன்றாடிக் கேட்கிறேன்: அழுகிறது, உரம் விழுந்துவிட்டது என்று துணியில் போட்டு உருட்டுவதும் உதறுவதும் வேண்டவே வேண்டாம். அந்தக் கழுத்துக்கும் அந்த மூளைக்கும் அது தாங்காது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? கை கால் நடுங்கினால் மெல்லப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் பெரும்பாலும் சாதாரண நடுக்கம், பிடித்தும் துடிப்பு நிற்காவிட்டால் வலிப்பாக இருக்கலாம், உடனே போங்கள். திருத்திய வயதில் நான்கு மாதம் ஆகியும் கழுத்து நிற்கவில்லை, கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடியபடியே இருக்கிறது, கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்கின்றன, ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். மாவட்டத் தலைநகரங்களில் உள்ள அரசுத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இதற்கென்றே பிசியோதெரபிஸ்ட் இருப்பார். “சில பிள்ளைங்க லேட்டாத்தான் வரும்” என்ற ஆறுதலில் கழியும் மாதங்கள், மூளை அதிகமாகக் கற்றுக்கொள்ளும் மாதங்கள்.

தங்கை மகளுக்குத் திருத்திய வயது 13 வாரம் ஆனபோது, வீடியோ எடுத்து வரச் சொன்னார்கள். பசி இல்லாத நேரம், நன்றாக விழித்திருக்க வேண்டும், பொம்மை கூடாது, யாரும் கொஞ்சக் கூடாது. கூடத்தில் பாய் போட்டு, மேலே வெள்ளை வேட்டி விரித்து, மல்லாக்கப் படுக்க வைத்தோம். என் அம்மாவைச் சைகை காட்டிச் சமையலறைக்கு அனுப்பினேன், அவரால் கொஞ்சாமல் இருக்க முடியாது. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் நிமிடம் மின்விசிறியைப் பார்த்தாள். அப்புறம் மணிக்கட்டு மெல்லச் சுழன்றது. கணுக்கால் அசைந்தது. கழுத்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். எல்லா மூட்டும் ஏதோ ஒரு தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. தங்கை என் தோளை இறுக்கிப் பிடித்தாள். வலது கை மேலே எழுந்து, முகத்துக்கு நேராக வந்து நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.